எவ்வளவு குறையுது?

என்னை முதலில் ஏமாற்றியவர் பெயர் திருஞானம்.

பிறகும் சிலர் ஏமாற்றினார்கள். அவர்களை மறந்துவிட்டேன். முதல் ஆளை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

நான் வீட்டு புரோக்கர். பெயர் மருதை. திருச்சியில், உறையூர்ப் பக்கம், ஒரு டீக்கடை பெஞ்சுதான் என் ஆபீஸ். வீட்டை விற்க நினைக்கிறவர்கள் என்னிடம் சாவி கொடுத்து வைப்பார்கள். ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பேன். எத்தனை சாவி இருக்கிறதோ அத்தனை பேர் என் வார்த்தையை நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது எட்டு சாவி இருந்தது. ஏழு, ஊரார் வீடு. ஒன்று, என் வீடு.

திருஞானம் வெள்ளிநிறக் காரில் வருவார். வெள்ளைச் சட்டை. கூடவே மனைவி, மச்சான், மச்சானின் பிள்ளைகள். மச்சான் கையில் அளக்கிற டேப் இருக்கும். சமையலறையை அளப்பார். பால்கனியை அளப்பார். பிள்ளைகள் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்பார்கள்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்டேன்.

"வீடு பிடிக்கணும் மருதை. பணம் ஒரு விஷயமா?"

இப்படி நாலு மாதம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. இருபத்தேழு வீடு.

இருபத்தேழாவது வீடு கிணற்றடித் தெருவில் வசந்தகோகிலம் அம்மாவுடையது. நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகனோடு போய் இருக்க வேண்டும். மழைக்குத் தண்ணீர் ஏறுகிற தெரு என்பதால் ஆறு படி உயர்த்திக் கட்டிய வீடு.

திருஞானம் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து என் தோளில் கை போட்டார்.

"இதான் வீடு. வெள்ளிக்கிழமை நல்ல நாள். அட்வான்ஸோட வர்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். அந்த அம்மா என் வார்த்தையை நம்பி, கையில் பணத்தோடு வந்த வேறொருவரைத் திருப்பி அனுப்பினார்.

மூன்று வெள்ளிக்கிழமை போனது.

நாலாவது வெள்ளி, அந்த அம்மா என்னை எதிரில் நிறுத்திக்கொண்டு திருஞானத்துக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"நானா? நான் எப்பம்மா வாங்கறேன்னு சொன்னேன்? மருதை அவரா கிளப்பி விட்டிருப்பாரு. புரோக்கர் பேச்சையெல்லாம் நம்புவாங்களா?"

லைன் கட்டானது. அந்த அம்மா கையை நீட்டினார். வளையத்திலிருந்து அவர் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.

"அந்த ஆள் இந்தப் படியேறி வரட்டும். வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நான்தான்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நீங்க படியேறுங்க."

தெரு முழுக்கக் கேட்டது. அந்த வாரத்துக்குள் மற்ற ஆறு பேரும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வளையத்தில் என் வீட்டுச் சாவி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.



பத்திர ஆபீஸ் சந்தில் ரஹ்மத் நிஷா என்று ஒரு புரோக்கர். முப்பத்தெட்டு வயது இருக்கும். அவர் கணவரின் ஜெராக்ஸ் கடையில் பாதி இடம் இவருக்கு. ஒரு மேசை, ஒரு பெஞ்ச். சுவர் நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி. ஒரு வீட்டை அவர் மூன்று பேருக்கு மேல் காட்டியதில்லை என்று பேச்சு.

என்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவர். போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

கேட்டேன்.

"ஏம்மா, பார்க்க வர்றவன் யாரு, வாங்க வர்றவன் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

அவர் என் காலைப் பார்த்தார்.

"செருப்பு இப்படித் தேஞ்சிருக்கே அண்ணே."

"இருபத்தேழு வீடு."

"வந்தவரோட செருப்பு?"

"அவர் கார்ல வந்தார்."

"உக்காருங்க" என்றார். அவ்வளவுதான் பாடம்.

உட்கார்ந்தேன்.



முதலில் வந்தவர் கையில் தங்கக் காப்பு. ஐந்து பவுன் இருக்கும். தென்னூரில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

ரஹ்மத் நிஷா ஒரு ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வீடு அம்பத்தஞ்சு லட்சம் சார். உங்களுக்கு எவ்வளவு குறையுது?"

"என்னது?"

"எவ்வளவு குறையுது?"

அவர் காப்பைத் திருகினார். "குறையா? எனக்கா? நீங்க வீட்டைக் காட்டுங்க மேடம். பிடிச்சிருந்தா நாளைக்கே முடிச்சுக்கலாம்."

"சந்தோஷம் சார். சொல்லி அனுப்பறேன்."

சாவி ஆணிக்குப் போனது. காப்பு வெளியே போனது.

நான் கேட்டே விட்டேன். "என்னம்மா, வந்த லட்சுமியைத் துரத்திட்டியே!"

"லட்சுமியா? எனக்குச் சார்தான் தெரிஞ்சாரு" என்றார். தெரு முனைக்கு டீ சொல்லி அனுப்பினார்.

அடுத்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். பழைய மொபெட். அவர் பெயர் துரைக்கண்ணு, அந்தப் பெண் பவளக்கொடி. இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். முழங்கைவரை மாவு காய்ந்து வெடித்திருந்தது. அதே வீடுதான் கேட்டார்கள்.

அதே சாவி மேசைக்கு வந்தது.

"எவ்வளவு குறையுது?"

துரைக்கண்ணு பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் யோசிக்கவே இல்லை.

"எட்டு குறையுதுக்கா. பேங்க்ல முப்பத்தஞ்சு தர்றேன்னு லெட்டர் குடுத்துட்டாங்க. இந்தா இருக்கு. இவரு ஊர்ல நிலம் வித்தது பன்னெண்டு. குறையுற எட்டுல நாலரைக்கு மாசியில சீட்டு எடுத்துருவோம். பத்திரச் செலவுக்கு என் நகை இருக்கு. மூணரைக்குத்தான் வழி தெரியலை."

ரஹ்மத் நிஷா சாவியை அவள் கையில் வைத்தார்.

நான் எழுந்தே விட்டேன். "ஏம்மா! மூணரைக்கு வழி தெரியலைன்னு அவங்களே சொல்றாங்க!"

"ஆமா, சொன்னாங்க."

"சாவியையாவது நீ வச்சுக்கக் கூடாதா?"

"கதவைத் திறக்கப் போறது அவங்கதானே அண்ணே."

மூன்று பேரும் வீடு பார்க்கப் போய்விட்டார்கள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நான் மட்டும்.



மறுநாள் பெரிய காரில் ஒரு டாக்டர். திருஞானத்தின் காரைவிடப் பெரியது. இவருக்குச் சாவி கிடைக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"பதினொண்ணு குறையுது. பழைய பிளாட் வித்தாத்தான் வரும். கிரயம் பேசியாச்சு, பத்திரம் அடுத்த மாசம்" என்றார்.

சாவி அவர் கைக்குப் போனது.

பிறகு லுங்கியோடு ஒருவர். பாவமாக இருந்தார். இவருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"குறையுறதை ஆண்டவன் குடுப்பான் தாயீ."

"குடுக்கட்டும் ஐயா. வாங்கிட்டு வாங்க. சாவி எங்கயும் ஓடாது."

ஆணி.

மூன்று நாளில் பதினாலு பேர். நாலு சாவிதான் வெளியே போனது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, நான் சொல்லிக் குடுன்னு வந்தேன். நீ பெஞ்சைத் தேய்க்க வச்சிட்டே."

"உங்க வளையத்துல எத்தனை சாவி அண்ணே?"

"ஒண்ணு. என் வீடு."

"மேசையில வைங்க."

வைத்தேன். அதன்மேல் கையை வைத்தார்.

"எவ்வளவு குறையுது?"

அவ்வளவுதான். எனக்கு உடைத்துக்கொண்டது.

"எவ்வளவுன்னா? எல்லாம்தான் போச்சு! என் பேரு போச்சு. தெரு போச்சு. டீக்கடையில கூட ஒரு பய மதிக்க மாட்டேங்கிறான். நாலு மாசப் பெட்ரோல். அந்த மச்சான் பிள்ளைங்க தின்ன முறுக்கு கூட என் காசு. பன்னெண்டு வருஷமா கட்டின மானம். அதுக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டா? உலகத்தையே எழுதிக் குடுத்தாலும் தீராது!"

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து, என் வீட்டுச் சாவியை ஒரு காலி ஆணியில் மாட்டினார்.

"தெரிஞ்சதும் வந்து வாங்கிக்குங்க."

"அது என் வீடும்மா!"

"வீட்ல யாரும் இல்லையா?"

"பெண்டாட்டி இருக்கா."

"அப்ப கதவு திறப்பாங்க."

திறந்தாள். சாவி எங்கே என்று கேட்டாள். பாடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.



தென்னூர் வீடு பவளக்கொடிக்குச் சரிப்படவில்லை.

"கிரைண்டர் மூணு வைக்கணும்க்கா. தண்ணி ஓட வழியில்லை. மாவுத் தண்ணி நின்னா புளிச்ச வாடை வரும், அக்கம்பக்கத்துல அடிக்க வருவாங்க."

எனக்குக் கிணற்றடித் தெரு வீட்டின் பின்கட்டு கண்ணில் வந்தது. சிமெண்ட் தளம். ஓரத்தில் நீளமாக வாய்க்கால். ஆறு படி உயரம், தண்ணீர் தங்கவே தங்காது. விலையும் அதே ஐம்பத்தைந்து. ஒன்பது மாதமாக விற்காமல் கிடந்தது.

"ஒரு வீடு இருக்கு" என்றேன்.

"சாவி இருக்கா?" என்றார் ரஹ்மத் நிஷா.

"இல்லை."

"கூட்டிட்டுப் போங்க."

போனோம். அவர்கள் இருவரும் நானும். தெருவில் நின்று குரல் கொடுத்தேன்.

"வசந்தகோகிலம் அம்மா!"

மேலே கதவு திறந்தது. "யாரு? மருதையா? படியேறாதீங்க."

"ஏறலைம்மா. கீழேதான் நிக்கறேன். இவங்க வீடு வாங்க வந்திருக்காங்க."

"நல்லாயிருக்கு! இவங்களுக்கும் வெள்ளிக்கிழமையா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இவங்களுக்கு எட்டு லட்சம் குறையுதும்மா. நாலரை மாசியில வரும். மூணரைக்கு வழி தெரியலை. பேங்க் லெட்டர் கையில இருக்கு. இதைச் சொல்லிட்டு அப்புறமா வீடு பாக்கலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

துரைக்கண்ணு என் சட்டையை இழுத்தார். "அண்ணே, தெருவுல வச்சு மானத்தை வாங்கறீங்களே!" பவளக்கொடி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

அந்த அம்மா கதவை முழுக்கத் திறந்தார். எந்த புரோக்கரும் குறைகிற பணத்தை முதலில் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். பன்னிரண்டு வருடத்தில் நானும் சொன்னதில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றார். "நீங்க இல்லை மருதை."

ஏறினார்கள். நான் வெயிலில் நின்றேன். முக்கால் மணி நேரம்.

திரும்பி வரும்போது பவளக்கொடியின் கண் கலங்கியிருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா படியின் மேலிருந்தே பேசினார். "எனக்கும் ஒண்ணு குறையுது மருதை. ஓசூர்ல பையன் மாடி கட்டிக்கிட்டிருக்கான். எனக்கு அறை தயாராக ஆனி ஆகும். அதுவரைக்கும் பின்னறையில நான் இருந்துக்கறேன். மூணரையை அவங்க ஆனிக்குள்ள குடுக்கட்டும்."

பவளக்கொடி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த வாய்க்கால்ல மூணு கிரைண்டர் தண்ணியும் ஓடும்ண்ணே!"



மாசியில் சீட்டு எடுத்தார்கள். மாசி முடிவதற்குள் பத்திரம் பதிவானது.

அன்று கிணற்றடித் தெருவுக்கு நான் போனபோது ஜன்னல்கள் மறுபடி திறந்தன. எதிர்வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். "மருதை, நம்ம சாவியையும் வச்சுக்க. எவ்வளவு குறையுதுன்னு கேட்கணுமோ கேட்டு நீயே முடிச்சுக் குடு." அவர் பின்னால் இன்னொருவர். டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கூட எழுந்து இடம் விட்டார்.

பங்குனி பிறக்கும்போது வளையத்தில் பதினோரு சாவி. என்னுடையது மட்டும் இல்லை.

வசந்தகோகிலம் அம்மா படியின் மேலே நின்று கூப்பிட்டார். "உங்கமேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு மருதை. மேல வாங்க. காபி சாப்பிடுங்க."

"இல்லைம்மா. திருஞானம் சார் ஏறினப்புறம்தான் நான் ஏறணும்னு சொன்னீங்க."

"கோபத்துல சொன்னது. நானே இப்ப வாபஸ் வாங்கறேன்."

"உங்க பேச்சை நீங்க வாங்கிக்கலாம். அவர் பேச்சை அவர்தானே குடுக்கணும்?"

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். காபி ஆறு படி இறங்கி வந்தது. தெருவில் நின்று குடித்தேன். நல்ல காபி.



சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீக்கடை முன்னால் வெள்ளிநிறக் கார் வந்து நின்றது.

"மருதை! பெரிய ஆளாயிட்டியாமே. என்னய்யா, நம்மளை மறந்துட்டியா?"

"மறக்கலை சார்."

"பொன்னகர்ல ஒரு வீடு உன் கையிலதான் இருக்காம். வா, காட்டு."

பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாவியைக் கழற்றினேன். பெஞ்சின்மேல் வைத்தேன். அதன்மேல் என் கையை வைத்தேன்.

"எவ்வளவு குறையுது சார்?"

"என்னது?"

"வீடு அம்பத்தஞ்சு. உங்களுக்கு எவ்வளவு குறையுது?"

அவர் சிரித்தார். டீக்கடையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாய்யா? என்கிட்ட கேக்கறான். வீடு பிடிக்கணும் மருதை. பணம் ஒரு..."

"நாப்பது."

எல்லாரும் திரும்பினோம். அவர் மனைவி காரிலிருந்து இறங்கியிருந்தார். நாலு மாதம், இருபத்தேழு வீடு, அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

"நாப்பது குறையுது. இருக்கறது பதினஞ்சு. அதுவும் எங்கப்பா போட்ட நகைய வித்தா. பேங்க்ல இவருக்குக் கடன் குடுக்க மாட்டாங்க. காருக்கே இன்னும் கட்டி முடிக்கலை. எட்டு வருஷமா ஊரார் வீட்டு சமையக்கட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஏய், கார்ல ஏறு" என்றார் திருஞானம்.

அவர் ஏறவில்லை.

பொன்னகர் சாவியை வளையத்தில் மாட்டினேன். வேறொரு சாவியைக் கழற்றினேன்.

"பதினெட்டுக்கு ஒண்ணு இருக்கும்மா. கொஞ்சம் தள்ளி. ஒரே அறை. சமையக்கட்டு சின்னது. உங்களுக்கு மூணு குறையும்."

"மூணா?"

"மூணுதான்."

அவர் உதடு அசைந்தது. விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கையை நீட்டினார்.

சாவியை அந்தக் கையில் வைத்தேன்.

"அவ்வளவு சின்ன வீட்டையெல்லாம் நான் பாக்க மாட்டேன்" என்றார் திருஞானம்.

"நீங்க பாக்க வேணாம்" என்றார் அவர் மனைவி. "வண்டிய ஓட்டுங்க."

போனோம். கதவை மனைவியே திறந்தார். உள்ளே நின்று அடுப்பு மேடையைக் கையால் தடவினார். டேப் இல்லை. திருஞானம் வெளியே காரில் சாய்ந்து நின்றார். நானும் அவரும் மட்டும்.

"சார், கிணற்றடித் தெருவுல ஆறு படி இருக்கு."

"அதெல்லாம் பழைய கதை மருதை. இப்ப எதுக்கு?"

"அந்தம்மா ஆனிவரைக்கும் பின்னறையிலதான் இருப்பாங்க."

அவர் கார் சாவியைச் சுழற்றினார். வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று என்னிடமே கேட்டார்.

வீடு ஆறே வாரத்தில் முடிந்தது. திருஞானத்தின் மனைவி பெயரில்.



பத்திர ஆபீஸ் சந்துக்குப் போனேன். பெஞ்சில் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றேன்.

ரஹ்மத் நிஷா என் செருப்பைப் பார்த்தார். புதுச் செருப்பு.

என் வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் கையை வைத்தார்.

"எவ்வளவு குறையுது அண்ணே?"

"மூணு வார்த்தை."

"என்ன வார்த்தை?"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நான்தான்."

"யாரு தரணும்?"

"திருஞானம்."

"எங்க?"

"கிணற்றடித் தெரு. ஆறு படி ஏறி, அந்தம்மா முன்னாடி."

"பெட்ரோலு, முறுக்கு?"

"அது வேணாம்."

"ஆனிக்குள்ள வருமா?"

"தெரியாது."

"வரலைன்னா?"

"ஓசூர் மாடிக்கு எத்தனை படின்னு கேட்டு வச்சிருக்கேன்."

அவர் சாவிமேலிருந்து கையை எடுத்தார்.